வீட்டில் ஹீலியம் பலூன்: சிலிண்டர் எங்கே கேட்பது, எவ்வளவு போதும்?

நிலாஅப்பா:
பாப்பாவுக்கு வரும் ஞாயிறு முதல் பிறந்தநாள். திருச்சி உறையூரில் எங்கள் வீட்டு ஹாலில், சாயங்காலம் 6 மணிக்குக் கேக். மேலே 40 பலூன் மிதக்க வேண்டும் என்பது வீட்டம்மா உத்தரவு. அலங்காரக்காரர் சொன்ன தொகையில் இன்னொரு பிறந்தநாளே நடத்திவிடலாம். கோயில் வாசலில் கேஸ் பலூன் விற்பவரோ சிலிண்டரோடு வந்து ஊதித் தருகிறேன் என்கிறார், ரொம்ப மலிவு. கூப்பிடலாமா? நானே செய்தால் என்னென்ன வாங்க வேண்டும்?

கேஸ்கடைக்காரன்:
தம்பி, அவரைக் கூப்பிடாதீர்கள். மலிவான கேஸ் பலூனில் பெரும்பாலும் இருப்பது ஹைட்ரஜன், தீப்பொறி பட்டாலே எரியும் வாயு. காஸ்டிக் சோடாவும் அலுமினியமும் போட்டுத் தாங்களே தயாரிப்பவர்களும் உண்டு. அப்படிப்பட்ட சிலிண்டர் வெடித்து ஆள் செத்திருக்கிறார்கள். கீழே மெழுகுவர்த்தி, மேலே 40 ஹைட்ரஜன் பலூன். வேண்டவே வேண்டாம்.

கோவையில் வெல்டிங் கேஸ் கடையில் 11 வருடம் இருந்தவன் நான். ஆர்கான் விற்கும் டீலரிடமே ஹீலியமும் கேட்டுப் பாருங்கள். டெபாசிட் கட்டி வாடகைக்கு எடுப்பதுதான் வழக்கம். ஹைட்ரஜன் சிலிண்டருக்குச் சிவப்பு, ஹீலியத்துக்குப் பழுப்பு. பெயின்ட் மட்டும் பார்த்து நம்பாமல் மரையையும் பாருங்கள்: ஹைட்ரஜன் போல எரியும் வாயுவின் வால்வில் இடது மரை (வழக்கத்துக்கு எதிராக, இடது பக்கம் திருகினால் இறுகும்), ஹீலியத்தில் வழக்கமான வலது மரை.

கணக்கு இதுதான். 12 அங்குல பலூனுக்குச் சுமார் 15 லிட்டர், 40க்கு 600. 10 லிட்டர் சிலிண்டரில் 150 பார் அழுத்தத்தில் வாயு இருந்தால் ஏறக்குறைய 1500 லிட்டர் வரும். தாராளம். பலூன் நாசிலையும் கேட்டு வாங்குங்கள். அழுத்தினால்தான் வாயு வரும், விட்டால் நின்றுவிடும். சிலிண்டரை நிமிர்த்தி வைத்து ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். கீச்சுக்குரலுக்காக யாராவது நாசிலில் வாய் வைக்க வந்தால் அடித்துத் துரத்துங்கள், நுரையீரல் கிழிந்துவிடும்.

ரெட்டைவால்அம்மா:
அண்ணன் நேரத்தைச் சொல்லவில்லையே! என் பசங்க பிறந்தநாளுக்கு முந்தின ராத்திரி 10 மணிக்கே ஊதி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் பாதி பலூன் தரையில் உருண்டுகொண்டிருந்தது. மலிவென்று 9 அங்குலம் வாங்கியது என் தப்பு. சின்ன பலூன் சீக்கிரம் இறங்கிவிடும். ரப்பர் வழியே ஹீலியம் கசிந்துகொண்டே இருக்கும். நீங்கள் மதியம் 3 மணிக்கு மேல் ஊதுங்கள். அந்த '1' எண் பலூனை மட்டும் ஃபாயிலில் வாங்குங்கள், பல நாள் நிற்கும்.

அப்புறம், சீலிங் ஃபேனை என்ன செய்யப் போகிறீர்கள்?

நிலாஅப்பா:
ஐயோ, ஃபேன்! அதை நினைக்கவே இல்லை. திருச்சி வெயிலில் ஃபேனை நிறுத்தினால் மாமனார் எழுந்து போய்விடுவார். சரி, கேக் மேஜைக்கு இரண்டு பக்கமும் ஆறு ஆறாக 12 பலூன், அடியில் கனம் கட்டி. மீதியைக் கைப்பம்பில் ஊதிச் சுவரில் ஒட்டிவிடுகிறேன். வீட்டம்மாவிடம் பேசியாயிற்று. முறைத்தார், ஆனால் சரி என்றார்.

கேஸ்கடைக்காரன்:
12க்கு எதற்குத் தம்பி சிலிண்டர்? பார்ட்டி சாமான் கடையில் ஹீலியமே ஊதித் தருகிறார்களா என்று கேளுங்கள், ஞாயிறு மதியம் காரில் எடுத்து வந்துவிடலாம். ஒரு பலூன் 10 கிராம்தான் தூக்கும், ஆறுக்கு 100 கிராம் கனம் கட்டினால் போதும். காரை வெயிலில் மட்டும் நிறுத்தாதீர்கள். சூட்டில் உப்பி ஒவ்வொன்றாக வெடிக்கும்.