புது ஆசிரியர்களின் முதல் இணையப் பக்கம்: மலையக அனுபவங்களைப் பகிருங்கள்

தொடக்கப் பதிவு | ஹட்டன் பக்கம், தகவல் தொழினுட்ப ஆசிரியர்

புதிதாக நியமனம் பெற்று எங்கள் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளுக்கு வரும் தம்பி தங்கைகள், தங்கள் பாடத்துக்கென்று ஒரு சின்ன இணையப் பக்கம் செய்துகொள்ள உதவி வருகிறேன். பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் படித்து முடித்து வருபவர்கள்தான் அதிகம். பிள்ளைகளோடு பழகத் தெரிந்தவர்கள், பாடம் சொல்லத் தெரிந்தவர்கள். இணையப் பக்கம் என்றதும் மட்டும், "சேர், எனக்குக் கோடிங் எல்லாம் வராது" என்று பின்வாங்குவார்கள். அவர்களோடு உட்கார்ந்தபோது கண்டவற்றை எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

நான் முதலில் கேட்பது, இந்தப் பக்கத்தை யார், எங்கே, எந்த நேரத்தில் திறப்பார்கள் என்பதைத்தான். எங்கள் பிள்ளைகளில் பலருக்குச் சொந்தப் போன் கிடையாது. வீட்டில் இருப்பது ஒன்று. அதுவும் அம்மாவோடு மலைக்குப் போய்விடும். மாலையில் மடுவத்தில் கொழுந்து நிறுத்து, அம்மா வீடு வந்து, அடுப்பு மூட்டிய பிறகுதான் பிள்ளையின் கைக்கு வரும். அதே போனில் அண்ணனுக்கும் வேலை இருக்கும். லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு, பள்ளத்தில் இருந்தால் சிக்னலுக்காக ரோட்டுப் பக்கம் ஏறி வர வேண்டும். டேட்டாவும் ரீலோட் போட்ட அளவுக்குத்தான். இப்படிக் கிடைக்கிற கொஞ்ச நேரத்துக்குள் பக்கம் திறந்துவிட வேண்டும். நான் சொல்லிக்கொடுப்பது எல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு விஞ்ஞான ஆசிரியை வந்தார். நல்ல ஆர்வம் உள்ளவர். ஒளித்தொகுப்புப் பாடத்துக்கு ஆயத்த வார்ப்புரு ஒன்றை எடுத்து, மேலே பெரிய படம், ஓடும் எழுத்து, திறந்ததும் பாடும் இசை எல்லாம் சேர்த்திருந்தார். பாடசாலை அலுவலகத்து வைஃபையில் நன்றாகவே திறந்தது. "தங்கச்சி, இதை உங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்றின் வீட்டுப் போனில் திறந்து பாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். அடுத்த முறை வந்தபோது இசையும் இல்லை, ஓடும் எழுத்தும் இல்லை. தலைப்பு, நான்கு பந்தி, ஓர் இலையின் படம், 5 கேள்விகள், அவ்வளவுதான். "சேர், அந்தப் பிள்ளையோட அம்மா பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாங்க, வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு" என்றார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கணக்கும் அதையேதான் சொல்கிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். 'கு' என்று எழுதினால் ககரமும் உகரக் குறியும் சேர்ந்து 6 பைட். அப்படிப் பார்த்தால் 500 சொற்களில் ஒரு பாடக் குறிப்பு எழுதினாலும் 15 கிலோபைட்டை ஒட்டித்தான் வரும். போனில் எடுத்த படம் ஒன்றை அப்படியே போட்டால் அது மட்டும் 3, 4 மெகாபைட். 800 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி ஜேபெக் ஆகச் சேமித்தால் பெரும்பாலும் 100 கிலோபைட் அளவுக்கு இறங்கிவிடும். போன் திரையில் வித்தியாசமும் தெரியாது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பக்கத்தின் குறிமுறையில் படத்தின் அகலத்தைக் குறைத்து எழுதினால் படம் சின்னதாகத் தெரியும், ஆனால் டேட்டா முழுசாகவே போகும். படத்தையே சுருக்கிவிட்டுத்தான் பக்கத்தில் சேர்க்க வேண்டும்.

பயப்படுபவர்களுக்கு நான் காட்டுவது உலகின் முதல் இணையத்தளத்தை. சுவிட்சர்லாந்தில் உள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கி, 1991 இல் வெளியுலகத்துக்குத் திறந்துவிட்டது. படம் கிடையாது, நிறம் கிடையாது. எழுத்தும் இணைப்புகளும் மட்டும். சேர்ன் அதை 2013 இல் பழைய முகவரியிலேயே மீட்டு வைத்தது, போனில் திறந்து பார்க்கலாம். "இதுதானா சேர்?" என்று கேட்பார்கள். அப்புறம் பயம் பாதி போய்விடும்.

கணினியில் நோட்பேட் இருந்தால் போதும். கோண அடைப்புக்குறிக்குள் போடும் சில குறிச்சொற்களைத்தான் பழக வேண்டும்: பெரிய தலைப்புக்கு எச்1, அதற்குக் கீழே எச்2, பந்திக்கு பி, பட்டியலுக்கு யுஎல், இணைப்புக்கு ஏ, படத்துக்கு ஐஎம்ஜி. முதல் நாளைக்கு இவ்வளவு போதும். எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எச்1 போடக்கூடாது; அது தலைப்புக்கு உரியது. பார்வை குறைந்த பிள்ளைக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் செயலி, தலைப்புத் தலைப்பாகத் தாவிச் செல்ல இந்தக் குறிச்சொற்களைத்தான் நம்பியிருக்கிறது. படத்துக்கு ஆல்ட் என்ற விவரத்தைக் கட்டாயம் எழுதச் சொல்வேன். சிக்னல் குறைந்து படம் வராமல் போனாலும் "இலையின் குறுக்குவெட்டு" என்ற வரியாவது பிள்ளைக்குத் தெரியும்.

பக்கத்தின் தொடக்கத்தில், திரையில் தெரியாத ஹெட் பகுதியில் இரண்டு வரிகளை மறக்கவே கூடாது. ஒன்று, எழுத்துமுறை யுடிஎஃப்-8 என்று சொல்லும் சார்செட் வரி. மற்றது, பக்கத்தைப் போன் திரையின் அகலத்துக்குப் பொருத்தும் வியூபோர்ட் வரி. அது இல்லாவிட்டால் போன், பக்கத்தைக் கணினித் திரை அளவுக்கு விரித்துப் பிறகு சுருக்கிக் காட்டும். பிள்ளை விரலால் பெரிதாக்கி, பக்கவாட்டில் தள்ளித் தள்ளி வாசிக்க வேண்டி வரும்.

சேமிக்கும்போது கோப்பின் பெயரை, இணையப் பக்கக் கோப்பைக் குறிக்கும் எச்டிஎம்எல் என்று முடித்து, கோப்பு வகையை 'எல்லாக் கோப்புகளும்' என்று மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பெயரின் பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும். என்கோடிங் யுடிஎஃப்-8 ஆக இருக்கிறதா என்றும் பாருங்கள். 2019 இல் வந்த விண்டோஸ் 10 இன் 1903 பதிப்பு முதல் நோட்பேட் தானாகவே அப்படிச் சேமிக்கிறது. அதற்கு முந்தியதில் தமிழுக்கு இடமில்லாத ஆன்சி என்ற பழைய முறை இருக்கும். மாற்றாமல் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிடும். எங்கள் பாடசாலைகளில் பழைய கணினிகள் இன்னும் நிறையவே ஓடுவதால் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அடுத்தது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். ஒரு வரலாற்று ஆசிரியருக்கு, ஓய்வு பெற்றுப் போன மூத்த ஆசிரியர் தன் குறிப்புகள் முழுவதையும் பென் டிரைவில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பொக்கிஷம் அது. தம்பி அதைப் பக்கத்தில் ஒட்டியதும் வரி வரியாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக வந்து நின்றன. "வைரஸ் புகுந்திட்டுதா சேர்?" என்று பதறிப்போனார். வைரஸ் ஒன்றும் இல்லை. பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கின்றன. அந்த எழுத்துரு உள்ள கணினியில் தமிழாகத் தெரியும், இல்லாத போனில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துதான் தெரியும். யுடிஎஃப்-8 இன் அடிப்படையான யுனிகோட் என்ற பொது எழுத்து முறையில் தமிழுக்கென்று தனி இடம் இருப்பதால் எந்தப் போனிலும் தமிழாகவே வரும், கூகுளில் தேடினாலும் கிடைக்கும்.

சுரதா எழுத்துமாற்றியிலோ என்எச்எம் கன்வெர்ட்டரிலோ போட்டால் ஒரு நொடியில் யுனிகோடாக மாறிவிடும். ஆனால் மாற்றியதை அப்படியே போட்டுவிடாதீர்கள். குறிப்புக்குள் இருந்த உண்மையான ஆங்கிலச் சொற்களும் சேர்ந்து மாறி, பொருளில்லாத தமிழாக நிற்கும். மேற்கோள் குறிகளும் சில இடங்களில் பிசகும். நானும் அந்தத் தம்பியும் மாறி மாறி வாசித்துத் திருத்தினோம். அந்த மூத்த ஆசிரியரின் குறிப்புகளை இன்று ரோட்டோரம் நின்று ஒரு பிள்ளை வாசிக்க முடிகிறது. என் வேலையில் எனக்கு மிகவும் நிறைவைத் தந்தவற்றில் இதுவும் ஒன்று.

பதில் | பண்டாரவளைப் பக்கம், ஆரம்பப் பிரிவு ஆசிரியை

சேர், நான் நோட்பேட் பக்கம் போகவில்லை, கூகுள் சைட்ஸில்தான் செய்தேன். ஜிமெயில் கணக்கு இருந்தால் இலவசம், பெட்டி பெட்டியாக இழுத்து வைத்தால் முடிந்துவிடும். தரம் 5 புலமைப்பரிசில் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு பயிற்சித்தாள் போடுகிறேன். ரவுண் கடையில் அச்சடித்து எடுக்கும் பெற்றோரும் இருப்பதால் ஏ4 அளவில் பிடிஎஃப் ஆகவே வைக்கிறேன்.

புதியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூகுள் டிரைவில் இருக்கும் கோப்பைப் பக்கத்தில் சேர்த்தால் நமக்கு நன்றாகத் திறக்கும், நாம்தானே நம் கணக்குக்குள் நுழைந்திருக்கிறோம். பெற்றோருக்கோ அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும். கோப்பின் பகிர்வில் 'இணைப்பு உள்ள எவரும்' என்று மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு, கணக்குக்குள் நுழையாமல் பார்க்கும் மறைநிலைச் சாளரத்தில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத்தான் வட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். பெற்றோர் "திறக்கல டீச்சர்" என்று சொல்லக்கூட கூச்சப்படுவார்கள். பேசாமல் விட்டுவிடுவார்கள், பிள்ளைக்குத்தான் நட்டம்.

பிள்ளைகளின் படங்களைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன். விளையாட்டுப் போட்டிப் படங்களைப் பக்கத்தில் போடலாமா என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். கூட்டம் முடிந்து ஒரு அம்மா தனியாக வந்து, "டீச்சர், என் மகள் படம் மட்டும் வேணாம், குடும்பத்துல கொஞ்சம் பிரச்சினை இருக்கு" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து யாருடைய முகமும் என் பக்கத்தில் இல்லை. பிள்ளைகள் வரைந்த சித்திரம், களிமண்ணில் செய்தது, கை மட்டும் தெரியும் படம் இவற்றைத்தான் போடுகிறேன். முழுப் பெயரும் எழுதுவதில்லை. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் 9 ஆம் இலக்கமாக நிறைவேறியிருக்கிறது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த அம்மா கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பேச முடியாமல் நின்றதை நினைத்தால் எனக்கு இதுதான் சரியென்று படுகிறது.

பதில் | மஸ்கெலியா

"என் மடிக்கணினியில் படம் வரும், இணையத்தில் ஏற்றினால் வராது" என்று எங்கள் பாடசாலைக்கு வந்த ஒரு மிஸ் இரண்டு நாள் தவித்தார். காரணம் பெயர்தான். கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, பக்கத்தில் எழுதியது சின்ன எழுத்து. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், பக்கத்தை இணையத்தில் வைத்திருக்கும், லினக்ஸில் ஓடும் வழங்கிக் கணினிக்கு இரண்டும் வேறு வேறு. எல்லாப் பெயரையும் ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல் வையுங்கள். பக்கத்தில் எழுதிய படத்தின் பாதை சி டிரைவில் தொடங்குகிறதா என்றும் பாருங்கள். தொடங்கினால் அது உங்கள் கணினியில் மட்டும்தான் கிடைக்கும்.

பதில் | தலவாக்கலைப் பக்கம், தமிழ் ஆசிரியை, நியமனம் பெற்று முதல் வருடம்

எங்கள் பாடசாலை இருக்கும் தோட்டப் பிரிவில் (டிவிசனில்) சிக்னல் இருந்தால் மழை, மழை இல்லாவிட்டால் மின்சாரம் இல்லை என்ற நிலை. இணையப் பக்கம் செய்து என்ன பயன் என்று நினைத்துக்கொண்டுதான் ஹட்டன் சேரிடம் போனேன். அவர் கேட்டது, "பக்கத்தைத் திறக்க இணையம் வேணும்னு யார் சொன்னா?" என்று. எச்டிஎம்எல் கோப்பைப் போனில் வைத்திருந்தால் டேட்டா இல்லாமலே உலாவியில் திறக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இப்போது இலக்கணப் பாடங்களை ஒவ்வொன்றும் ஒரே கோப்பாக எழுதுகிறேன். ஒரு பிள்ளையின் போனுக்குப் புளூடூத்தில் அனுப்பினால் போதும், மாலைக்குள் லயம் முழுக்கப் போய்விடுகிறது. கேள்விக்குக் கீழே விடையை மறைத்து வைக்க டீட்டெய்ல்ஸ், சம்மரி என்று இரண்டு குறிச்சொற்கள் இருக்கின்றன. தொட்டால் விடை விரியும். பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. முதலில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்று அவர்களே ஒரு விதி வைத்திருக்கிறார்கள்.

ஒரு சந்தேகம் சேர். படத்தைத் தனிக் கோப்பாக அனுப்பினால் பிள்ளைகளின் போனில் எழுத்து வருகிறது, படம் வருவதில்லை. என்ன செய்யலாம்? இன்னொன்று, பாடநூல் பக்கங்களைப் படம் எடுத்துப் போடலாமா?

மீண்டும் ஹட்டன் பக்கம்

தங்கச்சி, ஆண்ட்ராய்டில் கோப்பு மேலாளரிலிருந்து பக்கத்தைத் திறக்கும்போது உலாவிக்கு அந்த ஒரு கோப்பை வாசிக்கத்தான் அனுமதி கிடைக்கிறது, பக்கத்திலே உள்ள படக் கோப்பைத் தொட முடியாது. அதனால்தான் வருவதில்லை. கோட்டுப் படமாக இருந்தால், கோடுகளை எழுத்துக் குறிமுறையாகவே சேமிக்கும் எஸ்விஜி ஆக வரைந்து, அதன் குறிமுறையைப் பக்கத்துக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள். சில கிலோபைட்தான் ஆகும், பெரிதாக்கினாலும் மங்காது. இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் வரையலாம். எழுவாய், பயனிலை காட்டும் கிளைப்படத்துக்கு இது நன்றாகப் பொருந்தும்.

பாடநூலைப் படம் எடுத்துப் போட வேண்டாம். உரிமை கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தினுடையது, படமும் டேட்டாவைத் தின்னும். திணைக்களமே தன் தளத்தில் தமிழ்மொழிப் பாடநூல்களைப் பிடிஎஃப் ஆக வைத்திருக்கிறது. அதற்கு ஓர் இணைப்புக் கொடுத்து, எந்தப் பாடம், எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். பிள்ளையின் கையில் அச்சுப் புத்தகம் இருக்கிறதல்லவா, அதைத் திறந்துகொள்ளும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்ற இணையவழிக் கற்றல் தளத்திலும் தரம் வாரியாகப் பாடங்கள் கிடைக்கும். அவற்றில் இல்லாதது உங்கள் வகுப்புப் பிள்ளைகள் தடுமாறும் இடம். உங்கள் பக்கத்தில் அதை எழுதுங்கள்.

கோப்புகள் புளூடூத்தில் கை மாறிப் போவதால் ஒவ்வொன்றின் மேலேயும் திருத்திய திகதியைப் போட்டுவிடுங்கள். பழையது எது, புதியது எது என்று பிள்ளைகளுக்கே தெரியும். அந்த விடை மறைக்கும் பக்கம் ஒன்றை எனக்கும் அனுப்பி வையுங்கள், இந்த வருடம் வந்திருக்கும் புதியவர்களுக்குக் காட்ட வேண்டும்.