நைல் கப்பல் பயணம்: அம்மாவால் அபு சிம்பெல் போக முடியுமா?

எல்லாருக்கும் வணக்கம். ஜனவரியில் அம்மாவோடு எகிப்தில் லக்சரிலிருந்து அஸ்வானுக்கு நான்கு இரவு நைல் கப்பலில் போகிறோம். எட்ஃபு, கோம் ஓம்போ கோயில்கள் வழியிலேயே வந்துவிடும். ஆனால் அம்மாவுக்கு ஆசை அபு சிம்பெல் மேல்தான். அணை நீரில் மூழ்காமலிருக்க 1960களில் துண்டு துண்டாக அறுத்து, மேட்டில் திரும்ப அடுக்கிய, பழங்கால மன்னர் ராம்சேஸ் கட்டிய கோயில் என்று படித்ததிலிருந்து அதே பேச்சு.

வயது 68, முழங்கால் வலி வேறு. அஸ்வானிலிருந்து போக மட்டுமே சுமார் 280 கிலோமீட்டர். வயதானவர்களைக் காரில் கூட்டிப்போய் அன்றே திரும்பியவர்கள் இருக்கிறீர்களா? விமானம்தான் நல்லதா? ஃபிலே கோயில் தீவில் இருக்கிறதே, படகில் ஏறி இறங்கச் சிரமமா?

கப்பலில் சைவச் சாப்பாடு எப்படி? அம்மா முட்டைகூடத் தொடமாட்டாங்க. போய்வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், இந்த வாரமே முன்பதிவு செய்யணும்.