கவலை வாரியிலிருந்து ஆயிரம் அடி போர் வரை: எழுபது வருடத்தில் கொங்குக் கிணறு

மேட்டாங்காடு:
கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் எழுபது வயதைத் தாண்டியவர்கள் ஒரே ஆயுளில் நாலு விதமாகத் தண்ணீர் இறைத்ததைப் பார்த்துவிட்டார்கள்: மாடு, ஆயில் இன்ஜின், கரண்ட் மோட்டார், தண்ணீருக்குள்ளேயே மூழ்கி ஓடும் நீர்மூழ்கி மோட்டார். நாடு முன்னேறியதா கெட்டதா என்று மொத்தமாகப் பேசினால் சண்டைதான் மிஞ்சும். கிணற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். தெரிந்தவர்கள் அளவோடு எழுதுங்க. சொந்தப் பெருமையும் பங்காளி வழக்கும் வேண்டாம்.

மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையில் ஆரம்பிக்கிறேன். கிணற்று மேட்டில் இரண்டு கல்தூண், மேலே உருளை. தண்ணீர் மொள்ள இரும்புச் சால், அதன் அடியில் யானைத் துதிக்கை மாதிரித் தொங்கும் தோல் தும்பி. சாலைத் தூக்க வடக்கயிறு, தும்பியின் நுனியைப் பிடிக்க வால்கயிறு. மாடு வாரி என்கிற சரிவுப் பாதையில் இறங்க இறங்கச் சால் மேலே வரும். வால்கயிறு தும்பியை மடக்கிப் பிடித்திருப்பதால் வழியில் தண்ணீர் சிந்தாது. மேலே வந்ததும் அதே கயிறு தும்பியைத் தொட்டிக்குள் இழுத்துவிடும், தண்ணீர் தானே கொட்டும். வால்கயிறு ஒரு முழம் தளர்ந்தாலும் தும்பி தொங்கிப்போய் பாதித் தண்ணீர் கிணற்றுக்கே திரும்பிவிடும். அதனால் கயிறு நனைந்து நீள நீள, முடிச்சை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

வாரியின் நீளம் ஏறக்குறைய தண்ணீர் கிடக்கும் ஆழம். ஓட்ட ஒரு ஆள், வயலில் தண்ணி கட்ட ஒரு ஆள். ஒரு ஜோடி மாடு விடிகாலையில் பூட்டி உச்சிவெயிலுக்கு முன் அவிழ்த்தால் கால் ஏக்கர் நனையும். தண்ணீர் மேலாகக் கிடந்தால் கொஞ்சம் கூட. அந்த அளவுக்கு ஏற்றமாதிரிதான் வெள்ளாமை: சோளம், கம்பு, ராகி, பருத்தி, கொஞ்சம் புகையிலை.

பறையடி:
ஒரு கணக்கைச் சேர்த்துவிடுகிறேன். சால் ஒரு தடவைக்கு 150 லிட்டர் எடுக்கிறது என்று வையுங்கள். ஏறி இறங்க ஒன்றரை நிமிடம். மணிக்கு 40 சால், 6,000 லிட்டர். இது சராசரிதான், மாடு களைத்தால் குறையும்.

இப்போது 5 எச்பி மோட்டார். 5 எச்பி என்றால் 3.7 கிலோவாட். அதில் பாதிதான் தண்ணீரைத் தூக்கப் போகும் என்று வைத்தால், 60 அடியிலிருந்து மணிக்கு ஏறக்குறைய 36,000 லிட்டர் வரும். ஆறு ஜோடி மாட்டின் வேலை, ஆள் கூட நிற்க வேண்டாம். 1960-களில் மோட்டார் வந்த ஊரில் ஏன் ஒரு தலைமுறையே பள்ளிக்கூடம் போனது என்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். பையன்களை வாரிக்கு அனுப்பத் தேவையில்லாமல் போச்சு.

அதே 5 எச்பியை 800 அடியில் தண்ணீர் கிடக்கும் போர்க்குழியில் (ஆழ்துளைக் கிணற்றில்) இறக்குங்கள். இறக்கம் அதிகமாக ஆகப் பம்பின் திறனும் குறையும், 40 சதவீதம் என்று வைப்போம். மணிக்கு 2,200 லிட்டர். அதாவது கவலை கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்கு கொஞ்சம் கூட. இதைப் போட்டுப் பார்த்த பிறகு ‘வளர்ச்சி’ என்ற சொல்லை யாராவது சொன்னால் எத்தனை அடியில் என்று கேட்கத் தோன்றுகிறது.

கெவுளி:
பறையடி சொன்ன கணக்கு சரி. ஆனால் 60 அடிக்கும் 800 அடிக்கும் நடுவில் ஒரு கட்டம் விட்டுப்போச்சு. அதுதான் முக்கியம்.

மேலே வைத்து உறிஞ்சும் மோட்டாருக்குக் காற்றழுத்தம்தான் கூலி. ஏட்டுக் கணக்கில் 33 அடி, நடைமுறையில் 22 முதல் 25 அடிக்கு மேல் உறிஞ்சாது. அதனால் தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரையும் கிணற்றுக்குள் இறக்கினார்கள். பாறையைக் குடைந்து திட்டு, அதில் மோட்டார், அடுத்த வருடம் இன்னும் பத்தடி கீழே இன்னொரு திட்டு. பழைய கிணறுகளில் மூன்று நான்கு திட்டுகள் படிபோலத் தெரிவது அப்படித்தான். ஒவ்வொன்றும் ஒரு வறட்சியின் அடையாளம். நல்ல மழை பெய்து கிணறு திடீரென்று ஏறினால் திட்டில் இருக்கும் மோட்டார் மூழ்கிவிடும். ராத்திரியோடு ராத்திரியாகச் சங்கிலி கட்டி ஏற்ற வேண்டும். மழை வந்தால் பயப்பட வேண்டிய நிலை.

உறிஞ்சுகுழாயின் அடியில் தண்ணீரைத் திரும்ப விடாமல் பிடிக்கும் அடிவால்வு ஒழுகினால் பம்புக்குள் தண்ணீர் நிற்காது, மோட்டார் சும்மா சுற்றும். நம்ம பக்கம் அதற்கு வைத்தியம் சாணிக் கரைசல். புனலில் ஊற்றினால் நார் போய் வால்வின் தோல் வாசரில் அடைத்துக்கொள்ளும், பம்பின் தண்டைச் சுற்றிய அடைப்பான கிளாண்டு வழியாகக் காற்று இழுப்பதும் நிற்கும். அரைமணி நேரம் தாங்கும், அதற்குள் நீரோட்டம் பிடித்துவிடும். நிரந்தர வைத்தியம் வாசரை மாற்றுவதும் கிளாண்டு கயிறு சுற்றுவதும்தான்.

மோட்டார் எரிவதற்குக் காரணம் பெரும்பாலும் லோ வோல்டேஜ், இல்லையென்றால் மூன்று பேஸில் (கரண்ட் வரும் மூன்று கம்பியில்) ஒன்று போவது. மூன்று பேஸ் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்று போனால் நிற்காது, மீதி இரண்டில் இழுத்துக்கொண்டே உள்ளே சுற்றிய கம்பிச்சுருள் (காயில்) கருகும். அதைத் தடுக்கத்தான், ஒரு பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்தும் பிரிவென்ட்டர். ஆனால் மூன்று பேஸ் கரண்ட் வருவதே சில மணி நேரம் என்னும்போது, கண்டென்சர் போட்டு இரண்டு பேஸிலேயே ஓட்டுவார்கள். ஊர் முழுக்க அப்படிச் செய்தால் டிரான்ஸ்பார்மரில் சுமை சமமாக இருக்காது, பியூஸ் போகும், கடைசியில் எல்லோருக்கும் கரண்ட் இல்லை.

நாலாம் வாய்க்கால்:
கரண்டைப் பேசினால் 1970-ஐ விட முடியாது. விவசாயிகள் யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொல்லிப் போராடினார்கள். திருப்பூர் பக்கம் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு, மூன்று விவசாயிகள் இறந்தார்கள். நினைவுத்தூண் இருக்கிறது. 1972-இல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோவையை அடைத்தார்கள். பிறகு 1984-இல் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம், 1990-இல் எல்லோருக்கும்.

நல்லதுதான், மறுக்க மாட்டேன். விலை கிடைக்காத வெள்ளாமைக்காரனுக்கு அது ஒன்றுதான் கை கொடுத்தது. ஆனால் மீட்டர் இல்லாத மோட்டாரை நிறுத்த யாருக்கும் மனசு வராது. கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது தானே ஓடும்படி ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வந்தாலும் ஓடும், வயல் நிறைந்தாலும் ஓடும். பக்கத்துத் தோட்டத்துக்காரன் ஓட்டும்போது நாம் நிறுத்தினால் நம்ம தண்ணீரும் அவனுக்கே போகும் என்ற கணக்கு வேறு.

இலவச இணைப்பு என்றாலும் வரிசை நீளம். முந்திக்கொள்ள நினைத்தவர்களுக்குத் தட்கல் திட்டம் வந்தது: 5 எச்பிக்கு இரண்டரை லட்சம், ஏழரைக்கு இரண்டே முக்கால், 10 எச்பிக்கு மூன்று, 15 எச்பிக்கு நான்கு லட்சம். ஆக, இலவசத்துக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு.

ராடு கணக்கு:
போர் போடுகிற பக்கத்திலிருந்து எழுதுகிறேன். திருச்செங்கோட்டு வண்டிகள் இந்தியா முழுக்கப் போகின்றன, முறை எங்கும் ஒன்றுதான்.

துளை போடும் ரிக் வண்டி ஒன்று, காற்றை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர் ஒன்று. மேல்மண்ணும் சொதைப் பாறையும் (உதிரும் பாறை) தாண்டும் வரை அகலமாகத் துளைத்து, மண் சரியாமல் தடுக்கக் கேசிங் பைப் இறக்குவார்கள். கேசிங் கெட்டிப்பாறையில் உட்கார வேண்டும். பத்தடி மிச்சம் பிடிக்கிறேன் என்று சொதையிலேயே நிறுத்தினால் பின்னால் மண் சரிந்து மோட்டாரைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மோட்டாரும் போச்சு, குழியும் போச்சு. போர் கெட்டுப்போவதில் பாதி இந்த இடத்தில்தான்.

அதற்குக் கீழே துளைக்க ஆறரை இன்ச் பிட். ஹேமர் குழியின் அடியிலேயே காற்றழுத்தத்தில் அடிக்கும், அரைத்த தூளைக் காற்றே மேலே தள்ளும். பிட்டைக் கீழே இறக்கும் இரும்பு ராடு ஒன்று 20 அடி. ஆயிரம் அடி என்றால் 50 ராடு. தண்ணீர் இல்லாத வரை வெறும் புகைதான். ஈரம் பட்டால் தூள் சேறாகும், ஊத்து கிடைத்தால் தண்ணீர் பீய்ச்சும். ‘அரை இன்ச்’, ‘ஒன்றரை இன்ச்’ தண்ணீர் என்பதெல்லாம் அந்த நேரத்து மதிப்பீடு. கம்ப்ரசர் காற்று தள்ளுகிற தண்ணீரைப் பார்த்து மோட்டார் வாங்கக் கூடாது. வெடிப்பில் தேங்கியிருந்தது முதல் மணி நேரத்தில் வந்துவிடும். தொடர்ந்து இறைத்துப் பார்த்து, மட்டம் எங்கே நிலைக்கிறது என்று கயிறு விட்டு அளந்த பிறகுதான் பம்பில் எத்தனை ஸ்டேஜ் (தண்ணீரைத் தூக்கும் அடுக்கு) என்று முடிவு செய்ய வேண்டும்.

நம்ம ஊர்ப் பாறை கருங்கல் வகை. தண்ணீர் இருப்பது வெடிப்புகளில், பாறைக்குள் இல்லை. ஆழம் போகப் போக வெடிப்பு குறையும், இருக்கிறதும் இறுகிக்கிடக்கும். 300 அடிக்கு மேல் அடி ஒன்றின் கூலியும் நூறு அடிக்கு ஒருமுறை ஏறும். அதாவது தண்ணீர் கிடைக்கும் வாய்ப்பு குறைகிற இடத்தில்தான் செலவு கூடுகிறது. “இன்னும் ரெண்டு ராடு விட்டுப் பார்க்கலாம்ங்க” என்ற சொல்லில் விற்றுப்போன காடுகள் நிறைய.

பறையடி:
போர் போட இடம் காட்டும், நீரோட்டம் பார்ப்பவர்களைப் பற்றியும் எழுதுங்க அண்ணா. தேங்காய், வேப்பங்குச்சி...

ராடு கணக்கு:
உள்ளங்கையில் வைத்த தேங்காய் நிமிர்ந்த இடத்தில் புகை வந்ததும் உண்டு, படுத்த இடத்தில் தண்ணீர் வந்ததும் உண்டு. நிலத்தின் மின்தடையை (ரெசிஸ்டிவிட்டி) அளக்கும் கருவி பாறையின் வெடிப்பை ஓரளவு காட்டும், அந்த வெடிப்பில் தண்ணீர் இருக்கிறதா என்பதற்கு உத்தரவாதம் தராது. இதற்கு மேல் இதில் எழுத ஒன்றுமில்லை.

கெவுளி:
ஊத்து குறைந்த போருக்கு இன்னும் ஏர் கம்ப்ரசர்தான் பல தோட்டங்களில் ஓடுகிறது. குழிக்குள் காற்றுக்குழாய் இறக்கி, காற்றும் தண்ணீரும் கலந்து மேலே வருகிற முறை. கரண்ட் நிறையத் தின்னும். ஆனால் குழிக்குள் சுழலுகிற பாகம் எதுவும் கிடையாது. தண்ணீர் தீர்ந்தால் காற்று மட்டும் வரும், எரிய ஒன்றுமில்லை. நீர்மூழ்கியோ தண்ணீர் இல்லாமல் ஓடினால் சில நிமிடத்தில் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து காயில் போய்விடும். தண்ணீர் தீர்ந்ததும் மோட்டாரை நிறுத்தும் டிரை ரன் ரிலே வைத்தால் தப்பிக்கும். இலவசக் கரண்டில் கம்ப்ரசர் லாபம், மீட்டர் இருந்தால் நீர்மூழ்கி லாபம். ஊரில் எது அதிகம் என்று நீங்களே சொல்லுங்க.

இப்போது நடக்கிற முறை: போரிலிருந்து ஒழுகுகிற தண்ணீரைப் பழைய கிணற்றில் விட்டுச் சேர்த்து, அங்கிருந்து மோட்டாரும் பம்பும் ஒன்றாக இருக்கும் மோனோபிளாக் வைத்துச் சொட்டுநீருக்கு அனுப்புவது. தூக்கணாங்குருவி கூடு கட்டித் தொங்கிய கிணறு இப்போது வெறும் தொட்டி. இரண்டு முறை தூக்குகிறோம் என்பதை மறந்துவிடுகிறோம்.

ஒரத்தப்பாளையம் ரோடு:
அளவை மட்டும் பேசினீர்கள், தரத்தை யாரும் தொடவில்லை. நொய்யல் வெள்ளியங்கிரியில் பிறந்து வரும்போது நல்ல தண்ணீர்தான். திருப்பூரைத் தாண்டிய பிறகு சாயக்கழிவு. பாசனத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்தப்பாளையம் அணை கழிவைத் தேக்கும் தொட்டியானது, சுற்றுக் கிணறுகளுக்குள் உப்பு இறங்கியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவு வெளியேறாத சுத்திகரிப்பு அதன் பிறகுதான் கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. இது முன்னேற்றம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாறை வெடிப்பில் ஏறிய உப்பு ஒரு உத்தரவில் இறங்காது. குடிநீருக்குக் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லை என்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. கையடக்க மீட்டர் சில நூறு ரூபாய்தான். போர் போட்ட அன்றே அளந்து எழுதி வையுங்கள், கோடையில் மறுபடி அளந்து பாருங்கள்.

மேட்டாங்காடு:
உப்புத் தண்ணீர் என்றதும் சொட்டுநீர் ஞாபகம் வருகிறது. இந்த ஆயுளில் வந்த நல்ல மாற்றங்களில் அதை முதலில் வைப்பேன். தென்னை 25 அடிக்கு 25 அடி வைத்தால் ஏக்கருக்கு 70 மரம். கோடையில் மரத்துக்கு நாளைக்கு 65 லிட்டர் என்றால் 4,550 லிட்டர். பறையடியின் 2,200 லிட்டர் போர் கூட இரண்டு மணி நேரத்தில் கொடுத்துவிடும். வாய்க்காலில் பாய்ச்சினால் இந்தத் தண்ணீர் முதல் வரிசை மரத்தைத் தாண்டாது.

கெடுவது எங்கே? தண்ணீர் சொட்டும் டிரிப்பர் வாயில் வெள்ளையாக உப்புப் படியும். அமிலம் விட வேண்டும். முதலில் பில்டரைக் கழுவி, சப்மெயின் (கிளைக்குழாய்) வாயையும் லேட்டரல் (டிரிப்பர் இருக்கும் சின்னக் குழாய்) முனையையும் திறந்து அழுக்கை வெளியேற்றி மூடுங்க. பக்கெட்டில் தண்ணீரை முதலில் வைத்து அதில் அமிலத்தை ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். குழாய்க்குள் உறிஞ்சிக் கலக்கும் வென்சுரி வழியாக மெதுவாக ஏற்றி, கடைசி டிரிப்பரில் அமிலத்தின் அளவைக் காட்டும் பிஎச் தாள் 4 காட்டும் வரை விடுங்கள். பிறகு மோட்டாரை நிறுத்தி ஒரு நாள் அப்படியே வைத்து, மறுநாள் முனைகளைத் திறந்து நன்றாகக் கழுவி விடுங்க. கழுவாமல் விட்டால் கரைந்த உப்பு அடுத்த டிரிப்பரில் போய் உட்காரும்.

ஆனால் பாருங்க, மிச்சமான தண்ணீரை யாரும் நிலத்துக்கு அடியிலேயே விட்டுவைக்கவில்லை. இன்னும் ஒரு ஏக்கர் தென்னை வைத்தார்கள். அதுக்குச் சொட்டுநீர் என்ன செய்யும்.

நாலாம் வாய்க்கால்:
காய்ந்த போரை மூடுவது பற்றி யாரும் எழுதாததால் எழுதுகிறேன். 2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து இறந்த பிறகும் சாக்கைக் கட்டி விட்ட குழிகள் இருக்கின்றன. 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: போர் போட 15 நாள் முன்பு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், கேசிங்கைச் சுற்றி அரை மீட்டருக்கு அரை மீட்டர், 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு சிமெண்ட் மேடை, அதில் பாதி தரைக்குக் கீழே, வாயில் இரும்பு மூடி வெல்டிங்கோ போல்ட்டோ, கைவிட்டால் அடி முதல் தரை வரை களிமண், மணல், கல் போட்டு நிரப்ப வேண்டும். மேலே மட்டும் மண் தள்ளினால் அது பாதியில் சிக்கி நிற்கும், ஒரு மழையில் உள்ளே இறங்கிவிடும்.

ராடு கணக்கு:
நிரப்புவதற்கு முன் ஒரு யோசனை. ஊத்து இருந்து வற்றிய குழியாக இருந்தால் மழைநீர் இறக்கலாம். கேசிங்கைச் சுற்றிப் பத்தடிக்குப் பத்தடி, எட்டடி ஆழம் தோண்டி, குழிக்குள் வரும் கேசிங்கில் சின்னத் துளைகள் போட்டு நைலான் வலையை இரண்டு மூன்று சுற்று சுற்றிக் கட்டுங்க. அடியில் பெரிய கல், அதன்மேல் ஜல்லி, மேலே மணல். வருகிற தண்ணீர் முதலில் ஒரு வண்டல் தொட்டியில் நின்று வர வேண்டும். வலை இல்லாமல் செம்மண் தண்ணீரை நேராக விட்டால் வண்டல் வெடிப்பை அடைத்துவிடும், அந்தக் குழிக்கு அப்புறம் எந்த மழையும் உதவாது. மேல் மணலை வருடம் ஒருமுறை சுரண்டி எடுத்துப் புது மணல் போட வேண்டும்.

பறையடி:
அத்திக்கடவு-அவிநாசித் தண்ணீர் வருகிற குளத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இதை முதலில் செய்யலாம். 2024 ஆகஸ்ட் 17-இல் தொடங்கிய திட்டம், காளிங்கராயன் அணைக்குக் கீழே பவானியின் உபரி ஒன்றரை டிஎம்சியை ஆறு நீரேற்று நிலையம் வழியாக 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்புகிறது. உபரி இருந்தால்தான் தண்ணீர். குளத்தின் அடியில் பல வருட வண்டல் இறுகிக்கிடந்தால் நின்று காயுமே தவிர இறங்காது, அதனால் வரத்துக்கு முன்பே தூர் வாரணும்.

மேட்டாங்காடு அண்ணா, பழைய கவலைத் தூண்கள் உங்க பக்கம் மிச்சம் இருக்குதா?

மேட்டாங்காடு:
இருக்குதுங்க. உருளைக் கட்டை செருகின துளையோடு. பாதித் தோட்டத்தில் அதைப் பிடுங்கி வந்து வாசல் கேட்டுக்கு நட்டுவிட்டார்கள். துளையில் சங்கிலி மாட்டிப் பூட்டுப் போட வசதியாக இருக்குது.