டைனிங் ஹாலில் அந்த ஒரு மேசை: கறுப்பின மாணவர்கள் ஏன் தனியாக உட்காருகிறார்கள்?

கேள்வி: உறையூர்ப்பெண்

எல்லோருக்கும் வணக்கம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பெரிய பெயருள்ள ஒரு கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன், எது என்று வேண்டாமே. என் ரூம்மேட் அட்லாண்டாவிலிருந்து வந்த கறுப்பினப் பெண். வந்த முதல் வாரமே ஒட்டிக்கொண்டோம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது சூப்பை மூடிபோட்டு மூன்று மாடி ஏறிக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள்தான். ராத்திரி இரண்டு மணி வரை பேசிக்கொண்டிருப்போம். ஆனால் டைனிங் ஹாலுக்குள் நுழைந்ததும் அவள் ஜன்னல் ஓரத்து நீள மேசைக்குப் போய்விடுகிறாள், அங்கே கறுப்பின மாணவர்கள் மட்டும்தான். நான் தட்டோடு கொஞ்ச நேரம் நிற்பேன், அப்புறம் நம் ஊர்ப் பிள்ளைகள் இருக்கும் மேசைக்குப் போய்விடுவேன்.

போன வாரம் வகுப்பில் ஒரு பையன், "இவங்களே இப்படிப் பிரிஞ்சு உட்கார்ந்தா காலேஜ் என்ன பண்ணும்?" என்றான். அவன் சொன்னது சரியில்லை என்று மனசுக்குப் பட்டது, ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. அவளிடமே கேட்கலாம் என்றால் குறை சொல்வதுபோல் ஆகிவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது. அங்கே படித்தவர்கள், வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள். அந்த மேசைக்கு நான் போய் உட்காரலாமா?

பதில் 1: ஏரிக்கரை

தங்கச்சி, நான் இத்தாக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆறு வருடம் இருந்தவன். அந்த மேசைக்கு நூறு வருடத்துக்கும் மேலான கதை இருக்கிறது. 1906 டிசம்பரில் இதே கார்னெலில் ஏழு கறுப்பின மாணவர்கள் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். வெள்ளை மாணவர் சங்கங்களில் அவர்களுக்கு இடமில்லை, சேர்ந்து படிக்கவும் ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்ளவும் வேறு வழியில்லாமல்தான் அப்படி ஒன்று தேவைப்பட்டது. அதற்கும் முன்னால், ஹார்வர்டில் படித்த, பின்னாளில் பெரிய கறுப்பின அறிஞராக விளங்கிய டபிள்யூ.ஈ.பி. டுபாய்ஸை அங்கிருந்த பாடகர் குழுவில் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் தன் நண்பர்களை பாஸ்டன் நகரத்துக் கறுப்பினக் குடும்பங்களில் தேடிக்கொண்டார். ஹார்வர்டில் இருந்தேன், ஆனால் ஹார்வர்டைச் சேர்ந்தவனாக இல்லை என்று பின்னால் எழுதினார். 1895இல் அங்கே முனைவர் பட்டம் வாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

1922இல் என்ன நடந்தது தெரியுமா? ஹார்வர்டு தலைவர் லோவெல், முதலாண்டு விடுதிகளில் கறுப்பின மாணவர்கள் தங்கக்கூடாது என்று சொன்னார், அதுவும் முதலாண்டு மாணவர்கள் எல்லோரும் விடுதியில் சேர்ந்து வாழவேண்டும் என்று விதி போட்டிருந்த காலத்தில். பெரிய எதிர்ப்பு கிளம்பி 1923இல் மேற்பார்வைக் குழு அதை மாற்றியது. சேர்ந்து வாழவிடாமல் கதவைச் சாத்தியது யார் என்று உங்கள் வகுப்புப் பையனிடம் கேட்கலாம்.

இதெல்லாம் பழைய கதை என்பான். 1981இல் மிஷெல் ஒபாமா பிரின்ஸ்டனில் சேர்ந்தபோது, தன் மகளுக்குக் கறுப்பினப் பெண் ரூம்மேட்டாக வந்திருக்கிறாள் என்று தெரிந்த ஒரு தாய், அறையை மாற்றச் சொல்லிக் கல்லூரியிடம் கேட்டார். அந்தத் தாயே பல வருடம் கழித்து வருத்தத்தோடு பத்திரிகையில் சொன்ன விஷயம் இது.

கார்னெலில் 1969 ஏப்ரலில் கறுப்பின மாணவிகள் தங்கியிருந்த வீட்டு வாசலில் சிலுவையைக் கொளுத்திப் போட்டார்கள். அடுத்த நாள் காலையில் கறுப்பின மாணவர்கள் வில்லர்ட் ஸ்ட்ரெயிட் என்ற மாணவர் மையக் கட்டடத்தைக் கைப்பற்றினார்கள். அதற்குப் பின் 1972இல் வந்ததுதான் கறுப்பினப் பண்பாட்டை மையமாகக் கொண்ட உஜாமா விடுதி, எந்த இனத்தவரும் அங்கே தங்கலாம். நான் இருந்த காலத்தில் அங்கே பொதுக்கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன், வா என்றுதான் சொன்னார்கள்.

பதில் 2: விடுதிக்காரம்மா

நான் ஒரு கல்லூரி விடுதியில் ஒன்பது வருடம் பொறுப்பாளராக இருந்தேன். வரலாற்றை மேலே ஐயா சொன்னார், நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் விடுதியில் ஒரு பையன் இருந்தான், இயற்பியல். ராத்திரி நூலகத்திலிருந்து திரும்பும்போது அடையாள அட்டையைக் கையில் வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டே நடப்பான். பையில் வைத்தால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "பைக்குள் கை விடவேண்டிய நிலைமை வரக்கூடாது, மேடம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அன்றைக்கு வீட்டுக்குப் போயும் அது மனசை விட்டுப் போகவில்லை. 2018இல் யேலில் தன் விடுதிப் பொது அறையில் படித்துக் களைத்துத் தூங்கிய ஒரு கறுப்பின ஆய்வு மாணவியைப் பார்த்துவிட்டு, அங்கேயே தங்கியிருந்த வெள்ளை மாணவி போலீஸைக் கூப்பிட்ட செய்தி வந்தபோது எனக்கு அந்தப் பையன் முகம்தான் ஞாபகம் வந்தது.

அப்புறம் சின்னச் சின்ன விஷயங்கள். எந்த விளையாட்டுக் கோட்டாவில் வந்தாய் என்று கேட்பது. கேட்காமல் தலைமுடியைத் தொட்டுப் பார்ப்பது. வகுப்பில் அடிமைமுறை பற்றிப் பாடம் வந்ததும் இருபது தலையும் ஒரே ஆளைப் பார்த்துத் திரும்புவது. வெள்ளிக்கிழமை பார்ட்டி வாசலில் முன்னால் போன நாலு பேரை விட்டுவிட்டு, இவனை மட்டும் "இங்கே உனக்கு யாரைத் தெரியும்?" என்று நிறுத்துவது. காலை எட்டு மணியிலிருந்து இதையெல்லாம் தாண்டி வந்த பிள்ளை, சாப்பிடுகிற அரைமணி நேரமாவது எதையும் விளக்காமல் சிரித்துப் பேசிச் சாப்பிட நினைக்கிறது. அதைப் போய்ப் பிரிவினை என்று சொல்லாதீர்கள்.

இன்னொன்று, கண்ணு. நீயும் நம் ஊர்ப் பிள்ளைகள் மேசைக்குத்தானே போகிறாய்? படகுப் போட்டிக் குழுப் பையன்கள் ஒரு மேசை முழுக்க வெள்ளையாக உட்கார்ந்திருப்பார்கள், அதை யாரும் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. உன்னைக் குற்றம் சொல்லவில்லை, அடுத்த தடவை அந்தப் பையன் பேசினால் எடுத்துச் சொல்.

பதில் 3: நேர்பேச்சு

மேலே இருவரும் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் ஒரு கவலையைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கல்லூரிகளில் படிப்பைவிடப் பழக்கம்தான் பின்னால் கைகொடுக்கிறது. ஹார்வர்டின் ஃபைனல் கிளப்புகள், பிரின்ஸ்டனின் ஈட்டிங் கிளப்புகள் போன்ற மாணவர் சங்கங்களில் உருவாகும் சிநேகம் இருபது வருடம் கழித்தும் வேலை வாங்கித் தருகிறது. அந்த வட்டத்துக்குள் கறுப்பினப் பிள்ளைகள் போகாமலே நான்கு வருடம் முடிந்தால் நஷ்டம் அவர்களுக்குத்தான். ஹார்வர்டில் ஒரு காலத்தில் மாணவர்கள் விடுதியை விருப்பம்போல் தேர்ந்தெடுத்தார்கள், கறுப்பின மாணவர்கள் பலர் தூரத்தில் இருந்த குவாட் விடுதிகளில் சேர்ந்து வாழ்ந்தார்கள். 1996லிருந்து குலுக்கல் முறை. கலந்துவிட்டது, ஆனால் ஒரு விடுதிக்கு இத்தனை பேர் என்று சிதறிப்போனதும் உண்மை. அறையை ஒன்றாக்குவது சுலபம், அதற்குமேல் நடக்கவேண்டியதைக் கல்லூரிகள் பிள்ளைகள் தலையிலேயே விட்டுவிடுகின்றன என்பதுதான் என் கோபம்.

அந்த மேசையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி என்றும் நினைக்கவேண்டாம். 2007இல் வந்த ஓர் ஆய்வில், பெயர்பெற்ற 28 கல்லூரிகளின் கறுப்பின முதலாண்டு மாணவர்களில் 27 சதவீதம் பேர் குடியேறிகள் அல்லது குடியேறிகளின் பிள்ளைகள். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் போன்ற ஐவி கல்லூரிகளில் அது சுமார் 41 சதவீதம். நைஜீரிய டாக்டர் வீட்டுப் பிள்ளையும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சத்தில் வந்து குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளையும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். அவர்களுக்குள்ளேயே பழகவேண்டியது நிறைய இருக்கிறது.

பதில் 4: பெசன்ட்நகர்

சுருக்கமாக இரண்டு விஷயம். 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை நிறுத்தியது. ஹார்வர்டுக்கு எதிரான அந்த வழக்கு ஆசிய மாணவர்களுக்கு அநியாயம் நடக்கிறது என்று சொல்லி நடத்தப்பட்டது. அடுத்த வருடமே எம்ஐடியின் முதலாண்டில் கறுப்பின மாணவர்கள் 13 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும், ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் 11லிருந்து 3 சதவீதமாகவும் குறைந்தார்கள். ஒரு வகுப்பில் தனி ஆளாக உட்காருவது இன்னும் அதிகமாகும், அந்த மேசையின் தேவையும் அதிகமாகும்.

இரண்டாவது, சென்னைக் குடும்பத்துப் பெண் ஒருத்தி 1958இல் 19 வயதில் பெர்க்லிக்குப் படிக்கப் போனாள். அங்கே கறுப்பின மாணவர்கள் நடத்திய வாசிப்பு வட்டத்தில் அவளையும் சேர்த்துக்கொண்டார்கள், கறுப்பினத்தவர் அல்லாத மிகச் சிலரில் ஒருத்தியாக அங்கே உட்கார்ந்து பேசினாள். பெயர் சியாமளா கோபாலன், கமலா ஹாரிஸின் அம்மா. போகலாமா என்று கேட்டாய் அல்லவா, போகலாம். கூப்பிட்டால் போ, போனால் கேட்டுக்கொண்டிரு.

உறையூர்ப்பெண்:

எல்லோருக்கும் நன்றி. விடுதிக்காரம்மா சொன்னதைப் படித்துவிட்டு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. நேற்று ராத்திரி அவளிடமே சொல்லிவிட்டேன், உங்கள் மேசைக்கு வர ஆசை, வரலாமா தெரியவில்லை என்று. அவள் எழுந்து உட்கார்ந்து, "நீ உங்க ஆளுங்களோட இருக்கணும்னு ஆசைப்படுறியோன்னு நான் இத்தனை நாள் நினைச்சேன்" என்றாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

இன்று மதியம் போனேன். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை, முடி பின்னுவதைப் பற்றித்தான் பேச்சு. இந்த ஊரில் அவர்கள் முடியைப் பின்னத் தெரிந்த கடை ஒன்றுகூட இல்லையாம், ஒன்றேகால் மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டும். இது எனக்கு இத்தனை நாள் தெரியாது, ஒரே அறையில் இருந்தும். சனிக்கிழமை அவளோடு நானும் போகிறேன். பின்னி முடிக்க ஐந்து மணி நேரம் ஆகும், படிக்க ஏதாவது எடுத்துக்கொள் என்றாள்.