கிழிந்த 200 ரூபாயை வேண்டாம் என்று சொன்னது குற்றமா? மளிகைக்கடைக்காரியின் கேள்வி

கல்லாக்காரி:

தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கிறோம். வீட்டுக்காரர் காலையில் மார்க்கெட்டுக்குப் போய்விட்டால் கல்லாவில் நான்தான். போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். சட்டம் தெரிந்தவர்கள், பேங்கில் வேலை பார்த்தவர்கள் யாராவது பதில் சொல்லுங்கள்.

எங்கள் தெருவில் ரிட்டயர்ட் ஆன ஹெட்மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனுஷர், கடன் சொல்ல மாட்டார். ஒரு கிலோ துவரம்பருப்பு, அரை லிட்டர் கடலை எண்ணெய், சீரகம், மிளகு என்று வாங்கினார். பில் 300-ஐத் தாண்டிவிட்டது. அவர் நீட்டியதில் ஒரு 200 ரூபாய் நோட்டு நடு மடிப்பில் இரண்டாகக் கிழிந்து செல்லோடேப் ஒட்டியது. ஒரு மேல் மூலையையும் காணோம். டேப் பழசாகிப் பழுப்படித்து, ஓரத்தில் அழுக்கும் ஒரு தலைமுடியும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சார், வேற நோட்டு இருந்தா குடுங்களேன்" என்றேன். அவ்வளவுதான்.

"ஏம்மா, காந்தி இருக்காரு, கவர்னர் கையெழுத்து இருக்கு. ரிசர்வ் பேங்க் அடிச்ச நோட்டை வேண்டாம்னு சொல்ல நீ யாரு?" என்று ஆரம்பித்தார். "செல்லும் சார், ஆனா என்கிட்ட இருந்து யாரும் வாங்க மாட்டாங்க" என்றேன். அப்புறம் புதுசாக ஒன்றைப் போட்டார்: "நேத்து சாயங்காலம் எம் பேரன் உன் கடையில வாங்கிட்டு வந்த சில்லறைதான் இது!"

அது நிச்சயமாக எங்கள் கடை நோட்டு இல்லை. கிழிந்தது கைக்கு வந்தால் நான் கல்லாவில் போடுவதே கிடையாது, தனியாக ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவேன். அதில் இப்போது நாலைந்து நோட்டு கிடக்கிறது. கூட்ட நேரத்தில் மடித்துக் கொடுத்துவிட்டுப் போனவர்களுடையது. அதை மறுபடி யார் தலையிலும் கட்டியதில்லை. ஆனால் நாலு பேர் நிற்கும்போது அவர் அப்படிச் சொன்னால் நான் என்ன ஆதாரம் காட்ட முடியும்? சாமானை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டு, போலீசில் எழுதிக் கொடுப்பேன், கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன் என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். மத்தியானத்துக்குள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் "அரசாங்கப் பணத்தை மதிக்காத கடை" என்று வந்துவிட்டது.

எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். எண்ணெய் லைனுக்கு வரும் தம்பி ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவான். கிழிசல் இருந்தால், "அக்கா, ஆபீஸ்ல என் சம்பளத்துல பிடிச்சிருவாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவான். பணம் போடும் மிஷினில் வைத்தால் துப்பிவிடுகிறது. பேங்க் கவுண்டருக்குப் போனால் "இன்னைக்குக் கூட்டம், திங்கட்கிழமை வாங்க" என்கிறார்கள். ஒரு 200 ரூபாய்க்காகக் கடையைப் பூட்டிவிட்டு எத்தனை திங்கட்கிழமை போவது?

என் கேள்வி இதுதான். நான் வாங்க மறுத்தது சட்டப்படி தப்பா? அவர் கேஸ் போட முடியுமா? அந்த நோட்டுக்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கிறதா இல்லையா?

சாரல்72:

தப்புதான். கடைக்காரர்கள் எல்லாரும் இதே பாட்டுத்தான் பாடுகிறீர்கள். நாங்கள் கொடுத்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பீர்கள். நீங்கள் மீதி கொடுக்கும்போது நல்ல நோட்டுக்கு நடுவில் கிழிந்ததைச் செருகி விடுவீர்கள். உங்களைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். பத்து ரூபாய் நாணயத்தில் இதே கூத்துதான் நடந்தது. எல்லா டிசைனும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே அறிக்கை விட்டும் "இது ஓடாது" என்று சொன்ன கடைகள் எத்தனை! இந்திய ரூபாயை மறுப்பது 124ஏ பிரிவில் தேசத்துரோகம். வாத்தியார் புகார் கொடுத்தால் உள்ளே போக வேண்டியதுதான்.

ரூட்பஸ்:

மேலே சொன்ன நண்பரே, ஒருநாள் என்கூட பஸ்ஸில் வாருங்கள். நான் கண்டக்டர். விடியற்காலை முதல் ட்ரிப்பில், உள்லைட் சரியாக எரியாத நேரத்தில், பத்து ரூபாயை எட்டாக மடித்துக் கையில் திணிப்பார்கள். அதைப் பிரித்துப் பார்ப்பதற்குள் ஸ்டாப்பிங் வந்துவிடும். ராத்திரி டிப்போவில் பணம் கட்டும்போது கேஷியர் அதை எடுத்துத் தனியாகத் தள்ளி வைப்பார். அது என் பாக்கெட். பஸ் ஸ்டாண்ட் பக்கம் கிழிந்த நோட்டு மாற்றுகிற ஆள் ஒருவர் உட்கார்ந்திருப்பார், கமிஷன் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார். அவரிடம்தான் போகிறேன். அக்கா சொல்வது நியாயம். நோட்டு கடைசியில் யார் கையில் மாட்டுகிறதோ அவன்தான் அழ வேண்டும்.

பழைய_கேஷியர்:

வேலைக் காலத்தில் பாதிக்கு மேல் கேஷ் கவுண்டரிலேயே ஓடியது. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் 124ஏ. அது அரசுக்கு எதிராக வெறுப்பைத் தூண்டுவது பற்றிய பிரிவு. மளிகைக்கடையில் ஒரு நோட்டை மாற்றிக் கேட்டதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த இந்திய தண்டனைச் சட்டமே 2024 ஜூலை 1-ஆம் தேதி போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. சாரல், பழைய வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடுங்கள்.

1934-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் 26-ஆவது பிரிவு, ரூபாய் நோட்டு இந்தியா முழுக்கச் செல்லும் என்கிறது. வாத்தியார் பிடித்துக்கொண்டிருப்பது அதை. அதே சட்டத்தில் 28 என்று ஒன்று இருக்கிறது, அதை யாரும் படிப்பதில்லை. தொலைந்த, திருடுபோன, சிதைந்த நோட்டுக்கு மதிப்பைக் கொடு என்று அரசிடமோ ரிசர்வ் வங்கியிடமோ உரிமையாகக் கேட்க முடியாது. விதிகள் போட்டு, கருணையின் பேரில் ரிசர்வ் வங்கி கொடுக்கலாம், அவ்வளவே. அடித்தவரிடமே உரிமை கொண்டாட முடியாத துண்டு போன நோட்டை, மளிகைக்கடை அம்மா வாங்கியே தீர வேண்டும் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று. சாமான் மேஜைமேல் இருக்கிறது, பணம் கை மாறவில்லை என்றால் வியாபாரமே முடியவில்லை. இருவரும் சம்மதித்தால்தான் விற்பனை. அதே வாத்தியார் ஹோட்டலில் நாலு இட்லி சாப்பிட்டு முடித்துவிட்டு அழுக்கான, ஆனால் முழுசான நோட்டைக் கொடுத்தால் கதை வேறு. அங்கே அவர் கடன்பட்டுவிட்டார், செல்லுகிற பணத்தை நீட்டுகிறார், முதலாளி முகம் சுளித்தாலும் வாங்கிக்கொள்வதுதான் முறை. வெறும் அழுக்கையும் கசங்கலையும் காட்டி மறுக்கிற கடைக்காரர்களுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

இனி அந்த 200 ரூபாய்க்கு வருவோம். அதற்கு முழு மதிப்பு கிடைத்திருக்கும்! வாத்தியாரும் நீங்களும் கடை வாசலில் மல்லுக்கட்டியது முழுசாக 200 ரூபாய் பெறுகிற காகிதத்துக்காக.

கணக்கு இப்படி. 2009-இல் வந்து 2018-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டில் கிழியாத ஒரே துண்டு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுப் பணம். 40 முதல் 80 வரை என்றால் பாதி. 40-க்குக் கீழே போனால் ஒன்றும் கிடையாது. 20 ரூபாய் வரையிலான நோட்டுகளில் பாதி என்ற பேச்சே இல்லை. 50 சதவீதத்துக்கு மேல் ஒரே துண்டாக இருந்தால் முழுசு, இல்லாவிட்டால் பூஜ்யம்.

உங்கள் நோட்டு நடுவில் இரண்டாகிவிட்டதே, பெரிய துண்டே பாதிதானே என்பீர்கள். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஒரே நோட்டின் இரண்டு துண்டும் இருந்து, ஒவ்வொன்றும் மொத்தப் பரப்பில் 40 சதவீதமாவது இருந்தால் முழு மதிப்பு. 200 ரூபாய் நோட்டு 14.6 செ.மீ. நீளம், 6.6 செ.மீ. அகலம். மொத்தம் 96 சதுர செ.மீ. சொச்சம். பாதி 48. போன மூலை முக்கோணமாக, பக்கத்துக்கு மூன்று செ.மீ. என்றே வைத்துக்கொண்டாலும் நாலரை சதுர செ.மீ.தான் குறையும். மிச்சம் 43-க்கு மேல். 40 சதவீதத்துக்குத் தேவை 38.5. தாராளமாகத் தேறும்.

ஒரு வேண்டுகோள், தயவுசெய்து டேப் ஒட்டாதீர்கள். டேப்பைப் பார்த்தாலே கேஷியருக்குச் சந்தேகம் வரும். வேறு வேறு நோட்டுத் துண்டுகளைச் சேர்த்து ஒட்டி ஒரு நோட்டாக ஆக்குகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்து நம்பரும் ஒன்றுதானா, கோடுகள் சேருகின்றனவா என்றுதான் முதலில் பார்ப்போம். டேப் அதன்மேல் ஓடினால் எதுவும் தெரியாது. பிரிக்கப் போனால் மேல் அச்சு டேப்போடு வந்துவிடும். இரண்டு துண்டையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோங்கள், போதும்.

சாரல்72:

124ஏ விஷயம் சரி, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் பேங்கில் மாற்றித் தருவார்கள் என்று ஏட்டில் இருக்கிறது. கவுண்டரில் அக்கவுண்ட் எங்கே என்று கேட்கிறார்களே?

பழைய_கேஷியர்:

கேட்கக் கூடாது. எந்த பேங்கின் எந்தக் கிளையிலும், கணக்கு இல்லாதவருக்கும் மாற்றித் தர வேண்டும். ஸ்மால் ஃபைனான்ஸ் பேங்க், பேமெண்ட்ஸ் பேங்க் இரண்டுக்கு மட்டும் அது அவர்கள் விருப்பம். அழுக்கு நோட்டு என்றால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 20 நோட்டு, 5,000 ரூபாய் வரை கவுண்டரிலேயே இலவசம். அதற்கு மேல் என்றால் ரசீது போட்டு வாங்கிக்கொண்டு பிறகு தருவார்கள். எரிந்து கருகிய நோட்டு, ஒன்றோடொன்று ஒட்டிப்போன கட்டு இதெல்லாம் கிளையில் நடக்காது. சென்னையில் ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும்.

திருப்பி அனுப்பினால் சண்டை போடாதீர்கள். "மாற்ற முடியாது என்று இந்தத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்" என்று மெதுவாகக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே வேலை முடிந்துவிடும். முடியாவிட்டால் பேங்கிலேயே எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் பாருங்கள். அதன்பிறகு ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மன், அதாவது பேங்குகள் மேல் வரும் புகாரை விசாரிக்கிற அதிகாரி. 14448-க்குப் போன் செய்தால் எப்படிப் புகார் கொடுப்பது என்று சொல்வார்கள்.

எங்கள் ஆட்கள் ஏன் தட்டிக் கழிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிதைந்த நோட்டை வாங்கினால் தனியாகப் பிரிக்க வேண்டும், முத்திரை குத்த வேண்டும், தப்பாக மதிப்புப் போட்டால் பின்னால் கேள்வி வரும். வரிசையில் இருபது பேர் நிற்கும்போது யாருக்கும் அந்தப் பொறுமை இருக்காது. மத்தியானத்துக்கு மேல் கூட்டம் குறைந்த பிறகு போங்கள். மாதம் பிறந்து முதல் வாரம், பென்ஷன் நேரம், வேண்டவே வேண்டாம்.

ரூட்பஸ்:

அப்படியானால் நான் அந்தக் கமிஷன் ஆளுக்கு இத்தனை வருஷம் தண்டம் அழுதேனா? நல்லது. நாளைக்கு வீக்லி ஆஃப்.

கல்லாக்காரி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று மூன்று மணிக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன். முதலில் அதே "திங்கட்கிழமை"தான். எழுதிக் கொடுங்கள் என்றதும் அந்தப் பெண் உள்ளே போய் ஒரு பெரியவரைக் கூட்டி வந்தாள். அவர் ஒவ்வொரு நோட்டாகப் பார்த்தார். ஒரு 500-க்கும் இரண்டு 100-க்கும் முழுசாகக் கிடைத்தது. ஒரு 50-க்குப் பாதிதான், எலி கடித்தது. ஒரு இருபது ரூபாய் தேறவில்லை, பாதிகூட இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சாருக்கு நீங்கள் போட்ட கணக்கைத் தாளில் எழுதி வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்பினேன். ஸ்கேலை எடுத்து வைத்து அளந்து பார்த்தாராம், வாத்தியார் அல்லவா. "43 இல்லை, 44 வருது" என்றாராம். பென்ஷன் வாங்கப் போகும்போது மாற்றிக்கொள்கிறேன் என்றிருக்கிறார். ஆனால் அது எங்கள் கடைச் சில்லறைதான் என்ற பேச்சை மட்டும் விடவில்லை. குரூப்பில் போட்டதையும் எடுக்கவில்லை. சாமான் வாங்கப் பேரன்தான் வருகிறான்.

இனிமேல் மீதி கொடுக்கும்போது நோட்டை விரித்து, எதிரே நிற்பவர் பார்க்க எண்ணித்தான் கொடுக்கிறேன். கூட்ட நேரத்தில் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

இன்னும் ஒன்றே ஒன்று. டப்பாவில் ஒரு பத்து ரூபாய் மிச்சம் இருக்கிறது. கிழியவில்லை, ஆனால் யாரோ பேனாவால் ஒரு பெண் பெயரும் செல்போன் நம்பரும் எழுதியிருக்கிறார்கள். இது?

பழைய_கேஷியர்:

கிறுக்கல் இருந்தாலும் செல்லும், யாரும் மறுக்கக் கூடாது. கட்சி, மதம் சம்பந்தமான கோஷம் எழுதியிருந்தால்தான் சிக்கல், அதற்கு பேங்கிலும் மதிப்புத் தர மாட்டார்கள். உங்களுடையதை பேங்கில் கட்டிவிடுங்கள், கடையில் புழக்கத்தில் விடாதீர்கள். அந்தப் பெண்ணுக்கு எவனாவது போன் போட்டுத் தொல்லை கொடுப்பான்.