ஓடிபி (.odp) ஸ்லைடுகளை பவர்பாயிண்டில் திறந்தால் தமிழ் வரிகள் இடம் மாறுகின்றன, என்ன வழி?

வணக்கம். என் பாட ஸ்லைடுகள் எல்லாம் லிப்ரெஆபீஸ் இம்ப்ரெஸ் என்ற இலவச ஸ்லைடு மென்பொருளில் செய்தவை, ஓடிபி கோப்புகள். வகுப்பறைக் கணினியில் பவர்பாயிண்ட் மட்டும்தான். பவர்பாயிண்டின் கோப்பு வகையான பிபிடிஎக்ஸாகச் (.pptx) சேமித்து அங்கே திறந்தால் படங்கள் சரியாக நிற்கின்றன. தமிழ்தான் தகராறு. என் எழுத்துரு அங்கே இல்லாததால் விண்டோஸோடு வரும் நிர்மலா யுஐ எழுத்துரு வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'பிரெஞ்சுப் புரட்சி' தலைப்பில் 'புரட்சி' மட்டும் கீழே இறங்கி, படத்தின் மேல் ஏறி நிற்கிறது.

புது எழுத்துரு நிறுவ அங்கே அனுமதி கிடையாது. பிடிஎஃப் ஆக்கலாம்தான், ஆனால் அனிமேஷன் போய்விடும். கடைசி நேரத் திருத்தமும் கஷ்டம்.

இம்ப்ரெஸிலேயே எழுத்துருவைக் கோப்புக்குள் பொதித்தால் பிபிடிஎக்ஸிலும் அது நிற்குமா? இல்லை, முதலிலிருந்தே நிர்மலா யுஐயில் அமைப்பதுதான் நல்லதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன். அப்புறம், கூகுள் ஸ்லைட்ஸ் யோசனை வேண்டாம், வகுப்பறையில் இணையம் இல்லை.