மேட்பிளாட்லிப்: செட்_ஒய்லிம் கொடுத்ததும் கோடு மறைகிறது, அச்சு 0 முதல் 1 வரை மட்டும் தெரிகிறது

கேள்வி

மேட்டூர் அணையின் நாள்வாரி நீர்மட்டத்தை ஒரு சிஎஸ்வி கோப்பில் வைத்திருக்கிறேன். தேதி, நீர்மட்டம் (அடி), இருப்பு (டிஎம்சி) என்று மூன்று பத்தி. 01-06-2024 முதல் 28-01-2025 வரை, விடுபடாமல் 242 வரிகள். பைத்தானில், பாண்டாஸ் நூலகத்தால் படித்து மேட்பிளாட்லிப் நூலகத்தால் வரைகிறேன். நீர்மட்டம் இடப்பக்க அச்சில், இருப்பு வலப்பக்க அச்சில்.

மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டேன். எதிலும் பிழைச்செய்தி வரவில்லை.

முதலில், அச்சு பூஜ்யத்திலிருந்து தொடங்கட்டும் என்று சப்பிளாட்ஸ் வரிக்கு அடுத்ததாகவே இதைப் போட்டேன்:

ஆக்ஸ்.செட்_ஒய்லிம்(பாட்டம்=0)

படம் வெறுமையாக வருகிறது. இடப்பக்கம் 0.0, 0.2, 0.4 என்று 1.0 வரை எண்கள்.

அதை எடுத்துவிட்டு, நிரலின் கடைசியில் பிஎல்டி.ஒய்லிம்(0, 120) போட்டேன். இப்போது வலப்பக்க அச்சு 120 வரை போகிறது, இடப்பக்கம் அப்படியே இருக்கிறது.

மூன்றாவது, ஜனவரி 31 வரை காட்டலாம் என்று ஆக்ஸ்.செட்_எக்ஸ்லிம்('2024-06-01', '2025-01-31') கொடுத்தேன். கோடு இல்லை, கீழே இரண்டு தேதி மட்டும் ஓரத்துக்கு ஒன்றாக நிற்கிறது. அந்த வரி இல்லாவிட்டால் தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கறுப்புப் பட்டையாகிவிடுகின்றன.

பதில் 1

முதல் இரண்டுக்கும் சொல்கிறேன்.

எதுவும் வரையாத அச்சின் எல்லை 0 முதல் 1. பாட்டம்=0 என்று கீழ் எல்லையை மட்டும் சொன்னால், மேல் எல்லை அந்த நேரத்தில் என்னவோ அதிலேயே நின்றுவிடும், அதாவது 1. அதோடு செட்_ஒய்லிம் இன்னொன்றும் செய்கிறது: தரவைப் பார்த்துத் தானாக எல்லையை விரிக்கும் வசதியை அணைத்துவிடுகிறது. அதன்பிறகு நீங்கள் வரையும் கோடு 60, 80, 110 அடி என்று எங்கோ மேலே ஓடுகிறது, சட்டம் 1-ல் முடிந்துவிடுகிறது. கோடு அழியவில்லை, பார்வைக்கு வெளியே இருக்கிறது.

உறுதிசெய்ய, வரைந்து முடித்தபின் இந்த இரண்டையும் அச்சிட்டுப் பாருங்கள்:

பிரிண்ட்(ஆக்ஸ்.கெட்_ஒய்லிம்())
பிரிண்ட்(ஆக்ஸ்.கெட்_ஆட்டோஸ்கேல்ஒய்_ஆன்())

(0.0, 1.0) என்றும் ஃபால்ஸ் என்றும் வந்தால் இதுதான் காரணம். ஒரு பக்க எல்லையை மட்டும் பூட்டுவதென்றால், எல்லாக் கோட்டையும் வரைந்து முடித்த பிறகே பூட்டவேண்டும். இரண்டு எல்லையும் தெரியும் என்றால் எங்கே வேண்டுமானாலும் கொடுக்கலாம். இருந்தாலும் கடைசியில் கொடுப்பதே நல்ல பழக்கம்.

இரண்டாவது: பிஎல்டி.ஒய்லிம் நடப்பு அச்சில் வேலை செய்யும். வலப்பக்க அச்சை உண்டாக்கும் ட்வின்எக்ஸைக் கூப்பிட்ட கணமே அந்தப் புதிய அச்சு நடப்பு அச்சாகிவிடுகிறது, அதனால்தான் 120 அங்கே போய் உட்கார்ந்தது. ஒன்றுக்கு மேல் அச்சு இருக்கும் படத்தில் பிஎல்டி.ஒய்லிம், பிஎல்டி.எக்ஸ்லிம் இரண்டையும் தொடவே வேண்டாம். ஆக்ஸ்.செட்_ஒய்லிம், ஆக்ஸ்2.செட்_ஒய்லிம் என்று பெயர் சொல்லியே கொடுங்கள்.

பதில் 2

மூன்றாவதற்கு. கீழே கறுப்புப் பட்டை வருகிறது என்றால் உங்கள் தேதிகள் தேதிகளே அல்ல, வெறும் எழுத்துச்சரங்கள். எழுத்துச்சரம் வந்தால் மேட்பிளாட்லிப் அதை வகைப் பெயராக எடுத்துக்கொண்டு வந்த வரிசையில் 0, 1, 2 என்று இடம் கொடுக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியும் போடும். 242 வரி, 242 குறி.

கோப்பில் '01-06-2024' என்று இருக்கிறது, நீங்கள் '2024-06-01' என்று கேட்டீர்கள். அந்தப் பெயரில் வகை இல்லாததால் அது புதிதாகக் கடைசியில் சேர்ந்துவிட்டது. தரவு 0 முதல் 241 வரை. நீங்கள் கேட்ட இரண்டும் 242, 243. கெட்_எக்ஸ்லிம் அச்சிட்டால் (242.0, 243.0) என்று வரும். தரவு முடிந்த இடத்துக்கு அப்பால் உள்ள வெற்றிடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

மாற்றவேண்டியது:

டிஎஃப்['தேதி'] = பிடி.டு_டேட்டைம்(டிஎஃப்['தேதி'], டேஃபர்ஸ்ட்=ட்ரூ)

டேஃபர்ஸ்ட் கட்டாயம். நம் ஊர் வழக்கத்தில் நாள் முன்னால் வரும். பாண்டாஸ் இயல்பாக மாதத்தை முன்னால் வைத்துப் படிக்கும். 12-06-2024 டிசம்பர் 6 ஆகிவிடும். பாண்டாஸ் 2-ல் முதல் வரியைப் பார்த்து வடிவத்தை முடிவுசெய்வதால் 13-06-2024 வரும்போது பிழை காட்டி நிற்கும், அது நல்லதே. பழைய பதிப்புகள் 12 வரை ஒரு விதமாகவும் 13 முதல் வேறு விதமாகவும் வரிக்கு வரி மாற்றிப் படித்துவிட்டுப் போய்க்கொண்டிருக்கும். படத்தில் கோடு முன்னும் பின்னும் குறுக்கே பாய்வதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

பிறகு எல்லை:

ஆக்ஸ்.செட்_எக்ஸ்லிம்(பிடி.டைம்ஸ்டாம்ப்('2024-06-01'), பிடி.டைம்ஸ்டாம்ப்('2025-01-31'))

இப்போது கெட்_எக்ஸ்லிம் (19875.0, 20119.0) என்று தரவேண்டும். 1970 ஜனவரி 1-லிருந்து எண்ணிய நாட்கள் அவை. இந்த அளவில் எண் வந்தால் அச்சு உண்மையான தேதி அச்சு. 0, 241 போல வந்தால் இன்னும் எழுத்துச்சரம்தான்.

நீர்மட்டப் பத்தியையும் பாருங்கள். ஏதாவது ஒரு நாளில் எண்ணுக்குப் பதில் '--' இருந்தாலும் பத்தி முழுவதும் எழுத்துச்சரமாகி, இதே கோளாறு ஒய் அச்சிலும் வரும்: 98-க்கு மேலே 75, அதற்கு மேலே 110 என்று தாறுமாறான வரிசை. ரீட்_சிஎஸ்வியில் என்ஏ_வேல்யூஸ்='--' சேர்த்தால் போதும்.

கேட்டவர்

மூன்றும் தீர்ந்தது, மிக்க நன்றி. (19875.0, 20119.0) அப்படியே வந்தது.

இன்னொன்று. 0, 120 கொடுத்தபின் 20 அடிக்கு ஒரு குறி வேண்டுமென்று ஆக்ஸ்.செட்_ஒய்டிக்ஸ்(ரேஞ்ச்(0, 141, 20)) போட்டேன். மேல் எல்லை 140 ஆகிவிட்டது. எல்லையைப் பூட்டிய பிறகும் ஏன் நகர்கிறது?

பதில் 1

நீங்கள் கொடுத்த குறி எல்லைக்கு வெளியே இருந்தால், அது தெரியும் அளவுக்கு செட்_ஒய்டிக்ஸ் எல்லையை விரித்துவிடும். தானியங்கி அணைந்திருந்தாலும் இது நடக்கும். குறிகளை ரேஞ்ச்(0, 121, 20) என்று நிறுத்துங்கள், செட்_ஒய்லிம் வரியைக் குறிகளுக்குக் கீழே வையுங்கள்.

மேல் எல்லையைச் சரியாக 120-ல் வைக்கவேண்டாம் என்பது என் கருத்து. அணையின் முழுக் கொள்ளளவு மட்டமே 120 அடி. அணை நிரம்பிய நாட்களில் கோடு சட்டத்தின் விளிம்போடு ஒட்டி, தடிமனில் பாதி வெட்டுப்பட்டுவிடும். இந்தப் படத்தில் கண் முதலில் தேடும் இடமே அதுதான். 124 வையுங்கள்.

வலப்பக்கத்தையும் அதே விகிதத்தில் உயர்த்துங்கள். முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி, 93.47 × 124 ÷ 120 = 96.59. அப்போது 120 அடியும் 93.47 டிஎம்சியும் ஒரே உயரத்தில் நிற்கும். மொத்த வரிசை இப்படி:

ஆக்ஸ்.பிளாட்(டிஎஃப்['தேதி'], டிஎஃப்['நீர்மட்டம்'])
ஆக்ஸ்2 = ஆக்ஸ்.ட்வின்எக்ஸ்()
ஆக்ஸ்2.பிளாட்(டிஎஃப்['தேதி'], டிஎஃப்['இருப்பு'], கலர்='சி1')
ஆக்ஸ்.செட்_ஒய்டிக்ஸ்(ரேஞ்ச்(0, 121, 20))
ஆக்ஸ்.செட்_ஒய்லிம்(0, 124)
ஆக்ஸ்2.செட்_ஒய்லிம்(0, 96.59)

கலர் கொடுக்காவிட்டால் இரண்டு கோடும் ஒரே நீலத்தில் வரும், ஒவ்வொரு அச்சும் தன் நிற வரிசையை முதலிலிருந்து தொடங்குவதால்.

பதில் 2

விகிதம் சரி, ஆனால் உச்சியில் மட்டும்தான் இரண்டும் பொருந்தும். நீர்த்தேக்கம் மேலே போகப்போக அகலும். 60 அடியில் இருக்கும் நீர் மொத்தத்தில் பாதியைவிட வெகு குறைவு. இரண்டு கோடும் கீழே விலகி மேலே கூடுவதைப் பார்ப்பவர்கள் அதற்கு ஏதோ பொருள் தேடுவார்கள். அது அச்சு எல்லை உண்டாக்கிய தோற்றம். நானாக இருந்தால் மேலும் கீழும் இரண்டு படமாகப் பிரிப்பேன்:

ஃபிக், (ஆக்ஸ், ஆக்ஸ்2) = பிஎல்டி.சப்பிளாட்ஸ்(2, 1, ஷேர்எக்ஸ்=ட்ரூ)

ஷேர்எக்ஸ் இருப்பதால் ஒன்றில் செட்_எக்ஸ்லிம் கொடுத்தால் மற்றதும் கூடவே நகரும். ஒய் எல்லைகள் தனித்தனியே இருக்கும், இருப்பையும் நேர்மையாகப் படிக்கலாம்.

கேட்டவர்

பிரித்துவிட்டேன், தெளிவாக இருக்கிறது. ஜூன் 12, பாசனத்துக்குத் திறக்கும் வழக்கமான நாள். அங்கே ஒரு நிலைக்கோடு போட்டால் எல்லை மறுபடி நகருமா?

பதில் 1

நகராது. நிலைக்கோடு போடும் ஆக்ஸ்விலைன், இருக்கும் எல்லைக்கு வெளியே ஒரு தேதி கொடுத்தால்தான் விரிக்கப் பார்க்கும். செட்_எக்ஸ்லிம் கொடுத்து தானியங்கி அணைந்திருந்தால் அதுவும் செய்யாது. ஆக்ஸ்விலைன்(பிடி.டைம்ஸ்டாம்ப்('2024-06-12')) என்று இரண்டு படத்திலும் தனித்தனியே போடுங்கள், ஷேர்எக்ஸ் எல்லையை மட்டுமே பகிரும், கோடுகளை அல்ல.